ஒட்டிய தலையும் ஒட்டாத நியாயமும்

தீர்த்தமலை வட்டாரத்திலே ஓர் ஏழையின் தகரப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? பட்டா நகல் ஒன்று. குடும்ப அட்டை ஒன்று. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் எழுதிய பழைய கடிதங்கள் சில. அவற்றோடு, ஒட்டாமல் மிஞ்சிய அஞ்சல் தலைகள் நாலைந்து! கட்டணம் ஏறிவிட்டது என்கிறார்கள். ஏறட்டும், ஏறாத பொருள் எது? அரிசி ஏறிற்று, பருப்பு ஏறிற்று, பஸ் கட்டணம் ஏறிற்று. கூலி ஒன்றுதான் ஏறத் தயங்குகிறது! ஆனால், காசு கொடுத்து வாங்கிவைத்த அந்தத் தலைகளின் தலையெழுத்து என்ன? அதுவே நமது கேள்வி.

சிறிய கேள்விதானே என்று சிரிப்போர் இருப்பர். மாளிகைவாசிக்கு அது சிறியது; மண்வெட்டி பிடிப்பவனுக்கு அப்படியன்று.

முதலில் ஓர் உண்மையை ஊரறியச் சொல்லுவோம். கட்டணம் உயர்ந்ததால் பழைய தலை செத்துவிடுவதில்லை. முத்திரை படாத தலையில் எத்தனை காசு அச்சிட்டிருக்கிறதோ, அத்தனை காசு மதிப்பு அதற்கு உண்டு. குறைகிற தொகைக்குக் கூடுதல் தலை வாங்கி ஒட்டினால் போதும். 2011 ஜூன் 30 முதல் 25 காசு நாணயம் செல்லாது என்று சர்க்கார் அறிவித்தது. கடைக்காரர் வாங்கார், பஸ் நடத்துநர் தொடார். ஆனால் 25 காசு அஞ்சல் தலை நான்கைச் சேர்த்து ஒட்டுங்கள்; அது ஒரு ரூபாய்! காசு செத்தது, தலை சாகவில்லை. அதை அறியாமல், "பழசு" என்று அடுப்பில் போடுகிறவர், தம் கூலியையே அடுப்பில் போடுகிறார்.

எச்சரிக்கையாக மற்றொன்றும் சொல்லவேண்டும். பழைய தலை வேறு, பயன்பட்ட தலை வேறு. முத்திரை விழுந்த தலையை நனைத்து, உரித்து, மையைச் சுரண்டி மீண்டும் ஒட்டுவது சட்டப்படி குற்றம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் நீதிமன்றப் படி ஏறாதீர்!

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, சங்கடம் எங்கே முளைக்கிறது? இரண்டு இடங்களில்.

ஒன்று, 'பேரிங்' தபால். தலை குறைவாக ஒட்டிய கடிதம் வந்தால், குறைந்த தொகைக்கு இரட்டிப்பாகப் பெறுகிறவரிடம் வசூலிப்பது அஞ்சல் துறையின் நெடுங்கால வழக்கம். ஐந்து ரூபாய் வேண்டிய உறையில் நான்கு ரூபாய்த் தலை இருந்தால் குறைவு ஒரு ரூபாய். கொடுக்கவேண்டியது இரண்டு ரூபாய்! அனுப்பியவர் அறியாமல் செய்த பிழைக்கு, வாங்குகிறவருக்குத் தண்டனை. 1840இல் இங்கிலாந்திலே ரோலண்டு ஹில் எதற்காக அஞ்சல் தலையைக் கொண்டுவரப் போராடினார்? கடிதம் பெறுகிற ஏழை கட்டணம் கட்ட முடியாமல் திருப்பி அனுப்பிய கொடுமைக்கு முடிவு கட்டத்தானே! 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுமைக்கும் பொதுவான தலைகள் வந்தபோது, அந்த நியாயம் இங்கும் வேரூன்றியது. அனுப்புகிறவர் முன்பே கொடுத்துவிட்டார், வாங்குகிறவர் நிம்மதியாக வாங்கலாம் — இதுதான் அந்தத் துண்டுக் காகிதத்தின் பொருள். கட்டணம் உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருளைக் குலைக்கலாமா?

இரண்டாவது, இதைவிடக் கடுமையானது. வேலைக்கு மனுப்போடும் இளைஞன், தன் முகவரி எழுதித் தலை ஒட்டிய உறையை மனுவோடு சேர்த்து அனுப்புகிறான். பதில் வர மாதங்கள் ஆகின்றன. இடையிலே கட்டணம் மாறுகிறது. நடந்த கதையைப் பாருங்கள். 2025இல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன், 20 கிராம் கடிதத்தைப் பதிவு செய்து அனுப்ப, வரி நீங்கலாக, தபால் கட்டணம் 5 ரூபாய், பதிவுக் கட்டணம் 17 ரூபாய், ஆக 22 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல், வெளியூருக்கு 50 கிராம் வரை விரைவுத் தபால் 47 ரூபாய். பதிவு வேண்டுமானால் மேலும் 5 ரூபாய். ஆக 52 ரூபாய், வரி தனி! தீர்த்தமலையிலிருந்து சென்னைக்கு ஒரு கனமில்லாத காகிதத்தைக் கையெழுத்து வாங்கிச் சேர்க்க, 22 எங்கே, 52 எங்கே? பழைய கணக்கில் தலை ஒட்டி அனுப்பிய உறை இப்போது அலுவலக மேசையிலே கிடக்கிறது. குறைவை யார் ஒட்டுவது? அதிகாரி ஒட்டுவாரா? நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு இழுப்பறையில் உறங்கினால், இழந்த வேலையை எந்தத் தலை ஒட்டித் திரும்பப் பெறுவது?

"அஞ்சல் துறை நட்டத்தில் ஓடுகிறது, உயர்த்தாமல் என்ன செய்ய?" என்பார் டில்லியார். உயர்த்துவதா கூடாதா என்ற வழக்கு வேறு. அதைத் தனியே பேசுவோம். இங்கே நாம் பேசுவது அச்சாரத்தைப் பற்றி! தலை வாங்கியவர் முன்பணம் கொடுத்தவர். கடிதம் போகும் நாள் வரை அந்தப் பணத்தை வட்டியில்லாமல் வைத்திருப்பது சர்க்கார். அச்சாரம் வாங்கிக்கொண்டு, பண்டம் கொடுக்கும் நாளில் விலையை மாற்றுகிற வியாபாரியைச் சந்தையிலே என்ன சொல்லி அழைப்பார்கள் என்பது அரூர்ச் சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும்.

வழியில்லையா? உண்டு. அமெரிக்காவிலே 2007இல் விலை அச்சிடாத 'என்றென்றும்' தலை வந்தது. அன்று 41 சென்ட் கொடுத்து வாங்கியவர், 2025 ஜூலையில் கட்டணம் 78 சென்ட் ஆன பிறகும் அதே தலையை ஒட்டி ஒரு சாதாரணக் கடிதத்தை அனுப்ப முடிந்தது. வாங்கிய நாளின் வாக்கு, ஒட்டிய நாளிலும் வாக்கு! இங்கிலாந்திலே 2023இல் பட்டைக்குறி இல்லாத வழக்கமான தலைகளைச் செல்லாதாக்கினார்கள். ஜனவரி 31 கடைசி நாள் என்றனர். ஆயினும் ஜூலை 31 வரை கூடுதல் கட்டணமின்றி விட்டார்கள்; பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள்.

கடல் கடந்து போவானேன்? வங்காள அகதிகளுக்கு உதவ 1971 நவம்பர் 15 முதல் தபாலுக்கு ஐந்து காசு கூடுதல் வரி வந்தது. புதுத் தலை அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருந்தார்களா? இல்லை. இருந்த ஐந்து காசுத் தலையின் மேலேயே எழுத்துக் குத்திப் பயன்படுத்தினார்கள். மனமிருந்தால் பழைய தலையும் புதிய பணி செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

அஞ்சல், அரசியல் சட்டப்படி ஒன்றிய அரசின் பட்டியலில் இருப்பது. கட்டணத்தை மாற்றும் கை டில்லியிலே. விளைவைச் சுமக்கும் தோள் தீர்த்தமலையிலே. ஆகவே நாம் கேட்கிறோம்: கட்டணம் உயரும்போது, முன்பே தலை ஒட்டிய உறைகளைக் குறிப்பிட்ட காலம் வரை பழைய கட்டணத்திலேயே ஏற்றுக்கொள்க. அந்தக் காலத்தில் பேரிங் போடாதீர். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தலைகள் ஒவ்வொரு கிளை அஞ்சலகத்திலும் தட்டாமல் கிடைக்கச் செய்க. குறைவை நிரப்பச் சில்லறைத் தலை இல்லையென்றால், பழைய தலை செல்லும் என்ற சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே! மாறிய கட்டணத்தை ஊர் மக்கள் படிக்கும் தமிழிலே பலகையில் எழுதி வைக்க. விலை அச்சிடாத தலையை இங்கும் கொண்டுவருக.

தோழர்களுக்கும் வேலை உண்டு. கிளை அஞ்சலகத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரோடு சண்டைக்கு நிற்காதீர்கள். அவரும் குறைந்த ஊதியத்தில் கால் தேய நடக்கும் உழைப்பாளி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? படிப்பகத்திலே புதிய கட்டணப் பட்டியலை ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் இருக்கும் தலைகளை எண்ணிக் கூட்டிச் சொல்லுங்கள். குறைவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், உறையில் ஒட்டிய தலை போதுமா என்று அந்த அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்கச் செய்யுங்கள்.

ஐந்து ரூபாய்த் தலையை ஐந்து ரூபாய் என்று மதிப்பது சலுகையல்ல. வாங்கிய கடனைத் திருப்பித் தருவது. ஏழையிடம் வாங்கிய கடனுக்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?