தன் சோற்றைத் தொடாதவன் பிறர் சோற்றைத் தொடலாமா?

பிறை தெரிந்தது என்ற சேதி தெருவிலே பரவியதும், பள்ளிவாசல் விளக்குகள் ஒளிவிடுகின்றன. பின்னிரவிலே அடுப்புகள் எரிகின்றன. வைகறை வெளுக்குமுன் ஒரு பிடி சோறு, ஒரு குவளை தண்ணீர். அதன் பிறகு கதிரவன் மறையும்வரை ஒரு சொட்டு நீரும் நாவிலே படாது.

பொழுது புலர்ந்ததும் உழைப்பாளித் தோழர் வேலைக்குக் கிளம்புகிறார். மூட்டை தூக்குகிறார், தோல் பதனிடுகிறார், சாரத்திலேறிச் சுவரெழுப்புகிறார். உச்சி வெயில்! உதடு வறள்கிறது, நெஞ்சு காய்கிறது. பத்தடி தூரத்திலே குழாய். திருகினால் தண்ணீர்! பார்க்க ஆளில்லை, தடுக்க ஆளில்லை. எனினும் அவர் கை குழாய்ப் பக்கம் போவதில்லை. காவலரில்லாத இடத்திலே தனக்குத் தானே காவல் நிற்கிறார். கண்காணி இல்லாத நேரத்திலே தன்னைத் தானே கண்காணிக்கிறார். இறைவன் பார்க்கிறான் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தரும் ஆற்றலைக் கண்டு நாம் தலை வணங்குகிறோம்.

ரமலான், ஹிஜ்ரி ஆண்டின் 9ஆம் மாதம். திருக்குர்ஆன் அருளப்பெற்ற மாதம் என்று இஸ்லாமியப் பெருமக்கள் போற்றும் மாதம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், நோன்பு கடமையாயிற்று. நிலவைக் கொண்டு கணிக்கும் ஆண்டாகையால், ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகிறது; ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி விடுகிறது. எந்த நாட்டானுக்கும் குளிர்காலச் சலுகை நிலையாகக் கிடைக்காது. எந்த நாட்டானும் கோடையிலேயே கிடந்து வாடவும் மாட்டான். எத்தகைய சமநீதி, பார்த்தீர்களா!

உடலை வதைப்பதுதானே இது என்று கேட்போர் உண்டு. வதைப்பதானால் விலக்கு எதற்கு? நோயாளிக்கு விலக்கு, வழிப்பயணிக்கு விலக்கு, விட்ட நாட்களைப் பிறகு நோற்கலாம். நோற்கவே இயலாத முதியவர், நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். தன் பசியைத் தாங்க முடியாதவன் பிறர் பசியைத் தீர்க்கட்டும் என்பதே ஏற்பாடு!

திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்திலே, 183 முதல் 187 வரையுள்ள வசனங்களிலே நோன்பின் நோக்கமும் முறையும் வருகின்றன. அதற்கடுத்த 188ஆம் வசனம் என்ன கூறுகிறது? ஒருவர் பொருளை ஒருவர் முறைகேடாக விழுங்காதீர்கள், அதற்காக அதிகாரம் படைத்தோரிடம் லஞ்சம் கொண்டு செல்லாதீர்கள் என்ற கருத்தைக் கூறுகிறது! நோன்புக்குப் பக்கத்திலே இந்த எச்சரிக்கை! தனக்குச் சொந்தமான சோற்றையே பகலெல்லாம் தொடாதிருக்கப் பழகியவன், தனக்குச் சொந்தமில்லாத பிறர் சோற்றைத் தொடலாமா? நாம் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

கடையிலே நோன்பாளி, தராசிலே களவாளி. முறையா? நாவிலே நீர் படவில்லை. அந்த நாவாலேயே அண்டை வீட்டானைப் பற்றி அவதூறு. தகுமா? பொய்யை விடாதவன் உணவை விட்டதனால் இறைவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற கருத்தை உரைத்தவர் நபிகள் நாயகம். வம்புக்கு வருபவனிடம், தாம் நோன்பிருப்பதைச் சொல்லி விலகிக்கொள்ளச் சொன்னவரும் அவரே. வயிற்றுக்கு மட்டும் பூட்டுப் போட்டு, வாயைத் திறந்து விட்டால் நோன்பு எங்கே நிற்கும்?

இன்னொரு காட்சி. பகலெல்லாம் பட்டினி, மாலையிலே பத்து வகைப் பலகாரம். உண்டது பாதி, குப்பைக்குப் போனது மீதி. இரவுத் தொழுகைக்கு நிற்கவேண்டிய நேரம் கடைவீதியிலே கழிகிறது; எஞ்சிய நேரத்தைக் கைப்பேசி விழுங்குகிறது. பசியைப் படிக்க வந்த பள்ளியிலே பந்தியையே பாடமாக்கிக் கொள்வதா? பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்தவர் நபிகள் நாயகம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இரவிலே தராவீஹ் தொழுகை. ஹாபிஸ் ஓத, பல பள்ளிவாசல்களில் மாத முடிவுக்குள் திருக்குர்ஆன் முழுதும் ஓதி நிறைவுறுகிறது. அங்கே வரிசையைப் பாருங்கள்! முதலாளியின் தோளும் மூட்டை தூக்குவோர் தோளும் ஒட்டி நிற்கின்றன. மிகச் சிறந்த காட்சி! ஆனால், இரவிலே தோளோடு தோள் நின்ற முதலாளி, காலையிலே அதே தொழிலாளியைக் கூலிக்காகக் காக்க வைக்கலாமா? உழைத்தவன் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கமல்லவா அது! பெருநாளுக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று சொல்லும் நாக்கு, நோன்பிருந்த நாக்காகுமா? குழந்தைக்குப் புத்தாடை வாங்கக் காத்திருக்கிறானே, அந்தத் தொழிலாளி!

ஈகையிலும் இதே ஒழுங்குதான். வரம்புக்கு மேல் ஓராண்டு தங்கிய செல்வத்திலே நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். கைக்குழந்தை உட்படத் தலைக்கு இவ்வளவு என்று பித்ரா. அதுவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் வீடு சேர வேண்டும். பெருநாளன்று எவனும் பட்டினி கிடக்கலாகாது என்பதற்கே இந்த அவசரம். ஜகாத் ஏழையின் உரிமை. அதை வாங்க அவனை வாசலிலே வரிசை கட்டி நிற்க வைப்பது பெருமையாகாது. அவன் வாசல் தேடிச் சென்று தருவதே பண்பு.

நம் தமிழகத்திலே நோன்புக் கஞ்சியின் மணம் மதில் தாண்டி வீசுகிறது. தூக்குப் பாத்திரத்தோடு வருவோரிடம் சாதி, மதம் கேட்பதில்லை. திருவல்லிக்கேணியிலே, 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். பிரித்துப் பேசுவோர் ஒருமுறை அங்கே சென்று பார்க்கட்டும்! பட்டறையிலே பக்கத்தில் நிற்கும் நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நோன்பாளித் தோழரின் கையிலுள்ள கனத்த சுமையை உச்சி வேளையிலே நீங்கள் ஒருகை தாங்குங்கள். தோழமை என்பது அதுதான்.

முப்பது நாள் பயிற்சி, பதினோரு மாத வாழ்வுக்காக. மீண்டும் பிறை தெரியும், நோன்பு முடியும். அன்றைக்குத் தராசு நேராக நிற்குமானால், கூலி நேரத்திலே கிடைக்குமானால், நாக்கு அளவோடு பேசுமானால், அந்த நோன்பு வென்றது! அத்தகைய நோன்பு நோற்கும் தோழர் அனைவருக்கும் நமது நல்வாழ்த்து!