குடிமகனின் நகவெட்டியும் பியூட்டி பார்லரின் மெனிக்யூரும்

தென்மாவட்டக் கிராமங்களில் 'குடிமகன்' என்ற சொல்லுக்கு அரசமைப்புச் சட்டம் தரும் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அது ஊருக்கு முடிதிருத்தும் சாதிக்காரரைக் குறித்தது. முடி வெட்டுவது, சவரம் செய்வது, கை கால் நகம் களைவது, சாவு வீட்டுச் சடங்குகளைச் செய்து முடிப்பது எல்லாம் அவருக்கு விதிக்கப்பட்ட வேலை. அவர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். கூலியோ அறுவடைக்கு அறுவடை களத்துமேட்டில் அளந்து போடும் தானியம். கொங்குப் பகுதியில் கல்யாணத்துக்கு மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் இதே சாதிக்காரர்தான். பிள்ளை பிறக்கவும் இவர்கள் வேண்டும், தாலி கட்டவும் வேண்டும், பிணம் எடுக்கவும் வேண்டும். பந்தியில் சமமாக உட்காருவது என்று வரும்போது மட்டும் வேண்டியதில்லை.

இதில் நகத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. விரலோடு இருக்கும்வரை நகம் உடையவருடையது. வெட்டி விழுந்த நொடியிலிருந்து அது தீட்டு. தன் உடம்பிலிருந்து கழிவதைத் தொடாமல் இருப்பதற்கு ஒருவன் இன்னொரு சாதியையே வைத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டைத்தான் நம் பெரியவர்கள் 'கிராமத்து ஒற்றுமை' என்று ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். நகம் வெட்டுவதற்குத் தேவைப்படும் கைத்திறன், சதை கிழியாமல் ஓரம் எடுக்கும் நுணுக்கம், உள்வளர்ந்த நகத்தை வலிக்காமல் எடுக்கும் அறிவு எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. திறமை கணக்கில் வராத தொழிலில் கூலி எப்படி உயரும்?

இப்போது அதே வேலைக்கு மெனிக்யூர் என்று பெயர். காரியாபட்டியிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மதுரை. அங்கே குளிரூட்டிய கடையில் வெதுவெதுப்பான நீரில் கையை ஊறவைத்து, நகத்தை வடிவாக வெட்டி, அரம் போட்டு, நகக்கண்ணை ஒட்டிய தோலைப் பின்தள்ளி, இறந்த தோலைத் தேய்த்து எடுத்து, க்ரீம் தடவி, கடைசியில் நெயில் பாலிஷ் பூசுகிறார்கள். குடிமகன் திண்ணையில் குந்தி உட்கார்ந்து செய்தார், இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிறார்கள். அவருக்குக் களத்தில் தானியம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே கார்டைத் தேய்த்துப் பணம் கட்டுகிறார்கள். நல்லது, தொழில் மதிப்புப் பெற்றுவிட்டது என்று மகிழலாம். மதிப்பு யார் கைக்குப் போனது என்று கேட்டால்தான் சிக்கல். கடைக்கு முதல் போட, மாலில் வாடகைக்கு இடம் பிடிக்க, கிளை உரிமை வாங்கப் பணமும் தொடர்பும் வேண்டும். நூறாண்டுகளாகக் கூலியைத் தானியமாக வாங்கிய குடும்பத்தில் அவை எப்படிச் சேர்ந்திருக்கும்? தொழில் இழிவாக இருந்தவரை அது அவர்களுக்கு 'உரிமை'. லாபம் தரத் தொடங்கியதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம்!

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை நான் எதிர்க்கவில்லை. சாதியையும் தொழிலையும் கட்டிய கயிறு அறுபட வேண்டும் என்பதுதானே நம் கோரிக்கை? ஆனால் அறுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். என் ஆய்வுக்காக இந்த வட்டாரத்தில் அழகுக்கலைப் பயிற்சி முடித்த பெண்களோடு பேசியபோது, காலனித் தெருவைச் சேர்ந்த ஒருவர் சொன்னது இது: "மணப்பொண்ணு மேக்கப்புக்குக் கூட்டிட்டுப் போவாங்கக்கா. முகம் அவங்க போடுவாங்க. கையும் காலும் எங்கிட்ட விட்டுருவாங்க." புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் அப்படி இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் சேர்ந்த பெண் முகத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். வாடிக்கையாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி எந்தப் பயிற்சி நிலையத்தில் படித்தாய் என்பதல்ல, "எந்தத் தெரு?" என்பது. தெரு தெரிந்த பிறகு சிலருக்குத் திடீரென்று நேரம் ஆகிவிடுகிறது.

தொடுகிறவரின் சாதி பார்க்கும் இதே சமூகம் தொடப்படுகிறவரின் சாதியையும் பார்க்கிறது. தலித்துகளுக்கு முடி வெட்ட மறுக்கும் கிராமங்களைத் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி தொடர்ந்து ஆவணப்படுத்தி வருகிறது. 2024-இல்கூடத் தருமபுரி மாவட்டத்தில் தலித் சிறுவனுக்கு முடி வெட்ட மறுத்த கடைக்காரர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். கைது சரியானதே. அதேசமயம், நிலமற்ற, எண்ணிக்கையில் மிகச் சிறிய அந்தச் சாதிக்காரர் கடையின் கத்தரியை யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். "அவனுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம்" என்று சொல்லும் ஆதிக்க சாதி வாடிக்கையாளர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் வருவதில்லை. ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை விலக்கிவைப்பது இந்த அமைப்பின் பழைய கலை. தலித்துகளுக்குள்ளேயே துணி வெளுக்கும் புதிரை வண்ணார்களை எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

அடிமைத் தொழில்காரர்கள் கத்தியைக் கீழே வைத்த வரலாறும் உண்டு. 1890-இல் பம்பாயில் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியில் நாவிதர்கள் ஒன்றுகூடி, விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். சாதிக் கட்டளைக்கு எதிராகத் தொழிலாளி நடத்திய அந்த வேலைநிறுத்தம் நம் பாடப்புத்தகங்களில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் சாதி இல்லையே, அங்கும் நகம் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். 1975-இல் கலிபோர்னியாவின் அகதி முகாமுக்கு வந்த வியட்நாமியப் பெண்கள் இருபது பேருக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் தன் நகப் பராமரிப்பாளரை அழைத்துவந்து தொழில் கற்றுக்கொடுக்கச் செய்தார். அங்கிருந்து வளர்ந்து, இன்று அந்நாட்டின் நகப் பராமரிப்புத் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர். 2015-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், நியூயார்க் கடைகளில் கூலி திருடப்படுவதையும், எந்த இனத்தவர் என்பதைப் பொறுத்துக் கூலியும் இருக்கையும் மாறுவதையும் காட்டியது. இன்னொருவர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை எங்கும் கீழே இருப்பவர் தலையில்தான் விழுகிறது. ஆனால் அந்த வியட்நாமியப் பெண்ணின் மகள் மருத்துவரானால் அவளைப் பார்த்து 'நகம் வெட்டுகிற சாதி' என்று சொல்ல அங்கே ஒரு சொல் இல்லை. இங்கே அந்தச் சொல் தயாராக இருக்கிறது. பட்டம் வாங்கினாலும் பின்னாலேயே வரும்.

இந்த இடத்தில்தான் 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் ஆபத்து புரியும். 18 தொழில்களின் பட்டியலில் முடிதிருத்துவதும் உண்டு. 18 வயதில் சேரலாம், ஆனால் குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும். கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அப்பன் பெட்டியைக் கொடுத்து, கூடவே கடனும் கொடுக்கும் திட்டம் இது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்து, பெரியார் எதிர்த்து, விருதுநகர்க்காரரான காமராசர் 1954-இல் முதலமைச்சரானதும் கைவிட்ட குலக்கல்வி வட்டி மானியத்தோடு திரும்பியிருக்கிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, வயதை 35 ஆக்கித் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது சரியான முடிவு. ஆனால் கடன் கொடுப்பதோடு நின்றால், 'எந்தத் தெரு' என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

இன்னொரு கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெயில் பாலிஷ் காய்ந்ததும் பளபளப்பான படலமாக நிற்பதற்குக் காரணம் நைட்ரோசெல்லுலோஸ். நைட்ரஜன் அளவைக் கூட்டினால் அதுவேதான் துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிபொருள். வேதியியலில் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு தொழில்கள், கைகளைப் பொறுத்தவரை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன! விடியற்காலையில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் வேன்கள் ஏற்றிச் செல்லும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். அலுமினியப் பொடி நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் உறைந்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது. கந்தகமும் வெடியுப்பும் தோலை வறட்டி வெடிக்க வைக்கும். பகல் உணவை அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிட வேண்டும். ரேஷன் கடையில் விரல்ரேகை முறை வந்த பிறகு, உழைத்துத் தேய்ந்த கைகளை எந்திரம் ஏற்க மறுக்கிறது. துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்கிறார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். இவர்கள் நகத்தை எந்தக் குடிமகனும் வெட்டியதில்லை. பழைய பிளேடால் தாமே சீவிக்கொள்கிறார்கள்.

கைப் பராமரிப்பு என்றால் பணம் படைத்தவரின் ஆடம்பரம் என்று நம் தோழர்களே சிரிப்பதுண்டு. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 42-ஆவது பிரிவு போதிய கழுவும் வசதி செய்து தர வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் குழாய், சோப்பு, தடவ எண்ணெய் என்ற மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கும் பட்டாசு ஆலை எது என்று தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு வாசலிலும் கேட்க வேண்டும். வெடிவிபத்து நடந்தால்தான் ஆய்வாளர் வருவார் என்ற நிலை மாறி, ஆண்டுக்கொரு முறையாவது தோல் மருத்துவர் ஆலைக்கே வந்து கைகளைப் பார்க்க வேண்டும். விரல்ரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவைக் கெஞ்சிக் கேட்கும் சலுகையாக இல்லாமல் எல்லாக் கடைகளிலும் வைக்க வேண்டும். கோரிக்கை மனு எழுதத் தொடங்கினால் முதல் கையெழுத்துக்கு வேன் நிற்கும் இடத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.