இருக்கிறது சரி, எதற்குள் இருக்கிறது?

ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டப் பாறைகளில் அரிய மண் தனிமங்கள் இருப்பதாக 2023 ஏப்ரலில் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தெரிவித்தார்கள். செல்போனுக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய புதையல் கிடைத்துவிட்டதாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தனிமங்கள் எந்தக் கனிமத்துக்குள் அடைபட்டிருக்கின்றன என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே காணப்பட்ட கனிமங்களில் ஒன்று அலனைட். கரும்பழுப்பிலோ கறுப்பிலோ, கிரானைட் போன்ற பாறைகளில் சிறு சிறு மணிகளாகச் சிதறிக் கிடக்கும் சிலிகேட் அது. கிரீன்லாந்திலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு 1810-இல் விவரிக்கப்பட்டு, ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ஆலனின் பெயரைப் பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த இந்தக் கனிமத்தை நம்பி இன்றுவரை பெரிய அரிய மண் சுரங்கம் எதுவும் நடக்கவில்லை.

காரணம் வேதியியலில் இருக்கிறது. அலனைட்டை அமிலத்தில் கரைக்கலாம். ஆனால் கரையும்போது அதிலுள்ள சிலிக்கா கூழாகத் திரண்டு வடிகட்டிகளை அடைத்துவிடுகிறது. கூடவே கதிரியக்கத் தோரியமும் வருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள மேரி கேத்லீன் சுரங்கம் 1958 முதல் 1963 வரையும், பிறகு 1976 முதல் 1982 வரையும் யுரேனியம் எடுத்தது. அதன் தாதுவில் அலனைட் நிறைய இருந்தது. யுரேனியத்தைவிட அரிய மண் தனிமங்களின் அளவே அதிகம். யுரேனியம் விற்பனைக்குப் போனது, அவையோ கழிவுக் குட்டைக்குப் போயின. கையில் வந்த தாதுவிலிருந்தே பிரிப்பது கட்டுப்படியாகவில்லை என்றால், பூமிக்குள் இருப்பதை எந்தக் கணக்கில் செல்வம் என்பது?

காலம் மாறிவிட்டது, சீனா கையை இறுக்கும்போது லாப நட்டம் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் போன்ற கன வகைகள் அடங்கும். அலனைட்டில் பெரும்பாலும் இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்னும் இலகு வகைகள். காந்தங்களுக்கு நியோடிமியம் வேண்டும்தான்; அது தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலின் மோனசைட்டிலேயே நம்மிடம் இருக்கிறது. மோனசைட் எடையில் பாதிக்கும் மேல் அரிய மண் ஆக்சைடுதான், பிரிக்கும் முறையும் பழகியது. (அந்தக் கரைகளில் மணல் அள்ளுவதற்கு மக்கள் காட்டும் எதிர்ப்பு தனியாகப் பேச வேண்டியது.) இந்த இலகு வகைகளில் நமக்குப் பற்றாக்குறை தாதுவில் இல்லை, தாதுவை உலோகமாகவும் காந்தமாகவும் மாற்றும் ஆலைகளில் இருக்கிறது. நுட்பம் வளர்ந்தால் அலனைட்டுக்கும் ஒரு நாள் வழி பிறக்கலாம். அதற்கு ஆய்வகத்தில் பணம் போடுவது சரி, மலையை வெட்ட அவசரப்படுவது சரியல்ல. இனி இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது தனிமங்களின் பெயரோடு கனிமம் எது, அதில் தோரியம் எவ்வளவு, பிரித்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.