சாம்பியனை லேசாக ஜெயித்தால் போதாதா?

1979, நவம்பர் 30. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலில், ஒரே இரவில் இரண்டு உலக சாம்பியன்ஷிப் பாக்ஸிங் சண்டைகள். ஒன்றில் சுகர் ரே லியனார்டு என்ற இளைஞர் வில்ஃப்ரெட் பெனிடெஸைத் தோற்கடித்து பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்னொன்றில் மொட்டைத்தலை மார்வின் ஹேக்லர், மிடில்வெயிட் சாம்பியன் வீட்டோ ஆன்டுவோஃபெர்மோவோடு 15 ரவுண்டுகள் மோதினார். சாம்பியனின் முகமெல்லாம் வெட்டுக்காயம், ரத்தம். பெல்ட் கைமாறிவிட்டது என்றே பார்த்தவர்களில் பலர் நினைத்தார்கள்.

மூன்று நடுவர்களில் ஒருவர் ஹேக்லர் பக்கம். ஒருவர் ஆன்டுவோஃபெர்மோ பக்கம். மூன்றாமவர் சீட்டில் இருவருக்கும் சமமான பாயின்ட். ஆக, டிரா. டிரா என்றால் பெல்ட் பழைய இடுப்பிலேயே இருக்கும். முகம் கிழிந்தவர் சாம்பியனாகவே வீட்டுக்குப் போனார்.

இந்த மாதிரி நேரங்களில் பாக்ஸிங் உலகம் ஒரு பழைய வசனத்தை எடுத்து நீட்டும். ‘சாம்பியனிடமிருந்து பெல்ட்டைப் பிடுங்க வேண்டும். லேசாக ஜெயித்தால் போதாது. அடித்து நொறுக்கித்தான் ஜெயிக்க வேண்டும்!’ கமென்டேட்டர்கள் சொல்வார்கள், பயிற்சியாளர்கள் சொல்வார்கள், டீக்கடை நிபுணர்களும் சொல்வார்கள். விதிப்புத்தகம் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

விதி என்ன சொல்கிறது? ரிங்கைச் சுற்றி மூன்று பக்கங்களில் மூன்று நடுவர்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10 பாயின்ட், தோற்றவருக்கு 9. அடி வாங்கிக் கீழே விழுந்து எழுந்திருந்தால் வழக்கமாக 8. நடுவர் பார்க்க வேண்டியவை நான்கே விஷயங்கள். சுத்தமாக இறங்கிய குத்துகள், பலன் கொடுத்த தாக்குதல், ரிங்கில் யார் சொன்னபடி ஆட்டம் நடக்கிறது, தற்காப்பு. ‘இவர் ஏற்கெனவே சாம்பியன்’ என்று டிக் அடிக்க அந்தச் சீட்டில் கட்டமே கிடையாது.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனிக் கணக்கு. மணி அடித்ததும் போன ரவுண்டை மறந்துவிட வேண்டும். இன்றைய 12 ரவுண்டு சண்டையில், யாரும் கீழே விழாமல் ஒருவர் 7 ரவுண்டுகளை எடுத்தால் கணக்கு 115-113. லேசான வெற்றிதான். ஆனால், வெற்றி. 6-6 என்று பிரிந்தால் 114-114, அந்தச் சீட்டில் டிரா. பழைய 15 ரவுண்டு ஒற்றைப்படை, சரிபாதியாகப் பிரியாது. 12 இரட்டைப்படை என்பதால் இந்தத் தலைவலிக்கு இடம் கொஞ்சம் கூடிவிட்டது.

டிரா ஆனால் பெல்ட் சாம்பியனுக்கே என்பது நியாயமா? வேறு விளையாட்டுகளிலும் இந்த வழக்கம் உண்டு. 2023-ல் ஆஷஸ் தொடர் 2-2 என்று முடிந்தபோது, கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவிடமே அது தங்கியது. 1987-ல் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் காஸ்பரோவும் கார்போவும் 12-12 என்று முடித்தார்கள். பட்டம் காஸ்பரோவிடமே இருந்தது. பிறகு செஸ் உலகம் மனம் மாறியது. 2012-ல் மாஸ்கோவில் நம் விஸ்வநாதன் ஆனந்த், கெல்ஃபாண்டோடு 6-6 என்று சமன் செய்தார். பழைய விதி இருந்திருந்தால் அங்கேயே கைகுலுக்கிவிட்டு சென்னைக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால், ரேபிட் டை-பிரேக் ஆடி, அதை 2.5-1.5 என்று ஜெயித்த பிறகுதான் பட்டம் நிலைத்தது.

பாக்ஸிங்கில் அப்படி ஒரு டை-பிரேக் வைக்க முடியாது. 1982-ல் கொரிய வீரர் கிம் டுக் கூ, ரே மான்சினியோடு மோதி 14-வது ரவுண்டில் சாய்ந்தார். சில நாட்களில் இறந்தே போனார். அதன்பிறகுதான் உலக பாக்ஸிங் கவுன்சில் பட்டச் சண்டைகளை 15-லிருந்து 12 ரவுண்டுகளாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. உயிருக்காகக் குறைத்த ரவுண்டை, ஒரு முடிவு வேண்டும் என்பதற்காகத் திரும்பக் கூட்டக் கூடாது. ஆகவே டிரா என்றால் இருப்பவரிடமே இருக்கட்டும் என்பது சரியான ஏற்பாடுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிராவின் மூலம் சாம்பியனுக்கு ஒரு சலுகையை விதியே கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் நடுவர் தன் மனசுக்குள், ‘இந்த ரவுண்டு யாருக்கென்று சொல்ல முடியவில்லை, சாம்பியனுக்கே போடுவோம்’ என்று நினைத்தால்? அப்படி நாலு ரவுண்டுகளில் நினைத்தால்? ஒரே கடனுக்கு இரண்டு முறை வட்டி வாங்குகிற கதைதான். சவால் விட்டவர் 7 ரவுண்டு எடுத்தாலும் சீட்டில் 5 என்று விழும்.

அப்படி நடந்தது என்று பலர் இன்றும் கைகாட்டுவது 1947 டிசம்பர் 5 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சண்டையை. ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸை, ஜெர்சி ஜோ வால்காட் இரண்டு முறை கீழே தள்ளினார். லூயிஸுக்கே நம்பிக்கை போய்விட்டது. முடிவை அறிவிக்கும் முன்பே ரிங்கை விட்டு இறங்கப் போனவரை, கூட இருந்தவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே ரெஃப்ரியும் ஓட்டுப் போடுவார். ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்குப் போட்டார். மற்ற இரண்டு நடுவர்களும் லூயிஸுக்குப் போட்டார்கள். கூட்டம் கூச்சலிட்டது. வால்காட்டிடம் லூயிஸ் வருத்தம் தெரிவித்தார்.

வால்காட் பக்கமும் தவறு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் கடைசி ரவுண்டுகளில் விலகி விலகி ஓடினார். அந்த ரவுண்டுகளில் லூயிஸ் துரத்தி அடித்திருந்தால், அவை லூயிஸுக்குப் போவது முறைதான். ஆனால், குத்து வாங்காமல் விலகுவதும் ஒரு திறமை. ‘சவால் விட்டவன் ஓடக் கூடாது’ என்பதற்காகவே ஒரு ரவுண்டு பறிபோனால், அதை எந்த விதியிலும் சேர்க்க முடியாது.

பயிற்சியாளர் தன் பையனிடம், ‘அடித்து நொறுக்கிவிட்டு வா, நடுவரை நம்பாதே’ என்று சொல்வது நல்ல புத்திமதி. ஹேக்லர் அதைத்தான் செய்தார். 1980 செப்டம்பரில் லண்டனுக்கே போய், அப்போதைய சாம்பியன் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்தார். உள்ளூர் ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். பெல்ட் மட்டும் மாறிவிட்டது. அடுத்த ஆண்டு ஆன்டுவோஃபெர்மோ மறுபடி எதிரே வந்து நின்றபோது, 4 ரவுண்டுகளில் கதை முடிந்தது. பட்டத்தை 12 முறை காப்பாற்றினார் ஹேக்லர். அதில் நடுவர்களின் சீட்டு வரை போனது ஒன்றே ஒன்று, 1983-ல் ராபர்டோ டுரானோடு நடந்த சண்டை.

பயிற்சியாளருக்குப் பொருந்தும் அந்தப் புத்திமதி நடுவருக்குப் பொருந்தாது. அவர் வேலை எண்ணுவது மட்டும்தான்.

1987, ஏப்ரல் 6. அதே லாஸ் வேகாஸ், அதே சீசர்ஸ் பேலஸ். இப்போது ஹேக்லர் சாம்பியன். சவால் விடுபவர் லியனார்டு. கிட்டத்தட்ட மூன்று வருடங்களாக ஒரு சண்டைகூடப் போடாதவர். 12 ரவுண்டு போதும் என்று லியனார்டு தரப்பு கேட்டது, ஹேக்லர் ஒப்புக்கொண்டார். இடதுகைக்காரரான அவர், என்ன நினைத்தாரோ, வலதுகைக்காரர் மாதிரி நின்று ஆரம்பித்து முதல் ரவுண்டுகளைக் கோட்டைவிட்டார்.

லியனார்டு வால்காட்டைப் போலவே விலகி விலகிப் போனார். ஆனால், ரவுண்டு முடிய அரை நிமிடம் இருக்கும்போது மட்டும் சடசடவென்று குத்துகளைக் கொட்டுவார். கூட்டம் எழுந்து கத்தும். அந்தக் குத்துகளில் பலம் குறைவு என்பார்கள் ஹேக்லர் ரசிகர்கள். பலம் எத்தனை கிலோ என்று நடுவர் எடை போட முடியாது.

லூ ஃபிலிப்போ 115-113 என்று ஹேக்லருக்குக் கொடுத்தார். டேவ் மொரெட்டி அதே 115-113-ஐ லியனார்டுக்குக் கொடுத்தார். ஜோஜோ குவெர்ரா 118-110 என்று லியனார்டுக்குப் போட்டார். இவ்வளவு நெருக்கமான சண்டையில் சாம்பியனுக்கு இரண்டே ரவுண்டு என்று ஒருவர் எழுதியது கேலிக்கூத்து என்பதில் அன்றும் இன்றும் பெரிதாக மாற்றுக் கருத்து இல்லை. முடிவைத் தீர்மானித்த சீட்டு மொரெட்டியினுடையது. அதில் ஒரே ஒரு ரவுண்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் 114-114. ஒருவர் ஹேக்லருக்கு, ஒருவர் லியனார்டுக்கு, ஒருவர் சமம்... 1979-ல் நடந்த அதே டிரா. ஆனால், இந்த முறை பெல்ட் ஹேக்லரிடமே இருந்திருக்கும்.

பழைய வசனம் அன்று எங்கே போனது? சாம்பியனை யாரும் நொறுக்கவில்லை. ஆனாலும் பெல்ட் போனது. அன்று ரிங்கில் அதிகம் கொண்டாடப்பட்டவர் சவால் விட்டவர்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் எப்போதும் பெல்ட்டுக்குப் போவதில்லை; சில நேரம் கைதட்டலுக்கும் போகிறது. 115-113 என்ற மொரெட்டியின் சீட்டு மட்டும், யார் சாம்பியன் என்று பார்க்காமல் ரவுண்டு ரவுண்டாக எண்ணினால் வரக்கூடிய கணக்குதான். ஃபிலிப்போவின் சீட்டும் அப்படியே.

ஹேக்லர் மறு சண்டை கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து பார்த்துவிட்டு, 1988-ல் ஓய்வு பெற்று, இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடித்தார். 2021 மார்ச்சில் இறக்கும்வரை, அன்று ஜெயித்தது தான்தான் என்ற பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.