கணினிக்குத் தூக்கம் வருமா?

திருமானூரில் இருந்து வடக்கே அரியலூர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் ஆலைகள். ஆலையின் உயிர் சூளையில் இருக்கிறது. உள்ளே சரக்கு சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் வேகும். ஒரு காலத்தில் நீலக் கண்ணாடி வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னார்கள். இன்று ஏ.சி. அறையில், திரைகளுக்கு முன்னால் ஒரு ஆபரேட்டர். கார்பன் மோனாக்சைடு ஏறினால் அவர்தான் கவனிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் தூசி பிடிக்கும் கருவியே வெடிக்கலாம்.

இந்த மனிதர் எப்போது தவறு செய்வார் என்று கணினியே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்கிறார்கள். எப்படி? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்காக 1983இல் ஸ்வெயினும் கட்மனும் தந்த கையேட்டில் மனிதத் தவறுகளுக்கு எண்கள் இருக்கின்றன. அடிப்படைத் தவறு ஆயிரத்துக்கு மூன்று! மன அழுத்தம் இருந்தால் இத்தனை மடங்கு பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, அழுத்தம் எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? இரட்டை ஷிப்ட் பார்த்தவரா, அவரைப் பார்க்க வைத்தவரா?

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு, ஷிப்ட் மாறிய கொஞ்ச நேரத்தில் 610ஆம் எண் தொட்டியின் அழுத்தம் 2இல் இருந்து 10 பி.எஸ்.ஐ. ஆகியிருந்தது. 25 வரை சாதாரணம்தான் என்பதால் யாரும் பதறவில்லை. கசிவைக் காட்டிக்கொடுத்தது கருவி அல்ல, தொழிலாளிகளின் கண் எரிச்சல். அந்தப் பிரிவில் 12 ஆபரேட்டர்கள் இருந்த இடத்தில் 6 பேர்தான். குளிரூட்டும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இதெல்லாம் ஆபரேட்டர் செய்த பிழையா? நிர்வாகம் எடுத்த முடிவு!

அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டிலும், 1979 மார்ச் 28 அன்று, வால்வு மூடியதாக விளக்கு காட்டியது. உண்மையில் 'மூடு' என்ற கட்டளை போனதைத்தான் அது காட்டியது. வால்வு திறந்தே கிடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அலறின. பொய் சொன்னது விளக்கு, பழி மனிதனுக்கு.

சிமுலேட்டரே வேண்டாம் என்பதல்ல வாதம். கல்பாக்கத்தில் ஈனுலைக்கென்று ஆபரேட்டர்களைப் பழக்கவே சிமுலேட்டர் செய்தார்கள். அது மனிதனைத் தயார் செய்கிறது. மற்றதோ மனிதனுக்கு முன்கூட்டியே குற்றப்பத்திரிகை எழுதுகிறது.

கணினியில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா? நிர்வாகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு ஆளைக் குறைத்தால் என்ன ஆகும்? பழுதான கருவியை ஒரு மாதம் அப்படியே விட்டால்? பத்து அலாரம் நூறானால்? வந்த விடையை ஆலை வாசலில் தொழிலாளிகள் படிக்கும்படி தமிழில் ஒட்டுங்கள்.

இரவு மூன்று மணிக்குக் கணினிக்குக் கண் சொக்காது. திருமானூரில் இருந்து பஸ் பிடித்து நைட் ஷிப்டுக்குப் போனவருக்குச் சொக்கும். அது அவர் குற்றமல்ல. அது தெரிந்தும் அவரைத் தனியாக உட்கார வைப்பதுதான் குற்றம்!