குழாய் ஏன் அகற்றப்படவில்லை?

பச்சிளங்குழந்தையின் இதயத்தருகே செல்லும் ‘சென்ட்ரல் லைன்’ எனும் மையச் சிரைக் குழாய் உயிர் காப்பது. அதுவே கிருமி நுழையவும் இரத்தம் உறையவும் வழியாகலாம். நுனி இடம்பெயர்ந்தால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து உயிரையே பறிக்கலாம்.

சிக்கல் நேர்ந்ததாலேயே அலட்சியம் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் கைகழுவுதல், தோலைத் தூய்மை செய்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல் முதலிய எளிய நடைமுறைகளே தொற்றைப் பெருமளவு குறைக்கும் என்பது, பெரும்பாலும் பெரியவர்களிடையே நடந்த மிச்சிகன் ஆய்வால் 2006இலேயே தெரியவந்தது. எனவே நம் கேள்வி: குழாய் இன்னும் தேவையா என அன்றாடம் யார் பார்த்தார், எங்கே எழுதினார்? பல தொட்டில்களுக்கு ஒரே செவிலியர் எனில் பதில் சொல்ல வேண்டியது அவரல்லர், அரசு.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளை 1995இல் உச்ச நீதிமன்றத்தின் வி.பி. சாந்தா தீர்ப்பு நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அங்கே தஞ்சமடையும் தலித் கூலித் தொழிலாளர்க்கு முதன்மையாக எஞ்சுபவை உரிமையியல் வழக்கும், அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழான நீதிப்பேராணையும்தாம். இரண்டுக்கும் ஆவணம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. செவிலியர் குறிப்பேட்டின் நகலையும் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.