குறட்டைக்கு இரண்டு வைத்தியம்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் பலர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்கள். 2001 பிப்ரவரி 28இல் கோலார் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு தங்கவயல் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு சுமார் 100 கி.மீ. தொலைவில். தினசரி அலைச்சலில் அசதி சகஜம்தான். ஆனால் இரவெல்லாம் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி விழிப்பவரின் பகல் தூக்கத்துக்குக் காரணம் ‘ஸ்லீப் ஆப்னியா’வாக இருக்கலாம்.

தூக்கத்தில் தசைகள் தளர்ந்து தொண்டை மூடிக்கொள்வதுதான் இந்த நோய். மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முறைக்கு மேல் என்றால் லேசானது. 15ஐத் தாண்டினால் நடுத்தரம். 30ஐத் தாண்டினால் கடுமை. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் உயரும். வண்டி ஓட்டுபவருக்கு விபத்து அபாயமும் உண்டு.

வைத்தியம் இரண்டு வகை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய ‘சிபாப்’ இயந்திரம், முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்துகிறது. சுரங்கக் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பதுபோல, இங்கே காற்றே முட்டு. இன்னொன்று, பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் வாய்க்கவசம். இது கீழ்த்தாடையைச் சில மி.மீ. முன்னே நிறுத்தி, நாக்கு பின்னால் சரியாமல் தடுக்கிறது.

மூச்சுத் தடையைக் குறைப்பதில் இயந்திரமே கெட்டி. ஆனால் பாதி இரவில் முகமூடியைக் கழற்றிவிடுபவர்கள் ஏராளம். 2013இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 126 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இயந்திரம் நன்றாக வேலை செய்தது; கவசத்தை அதிக நேரம் அணிந்தார்கள். ஒரு மாத முடிவில் ரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் பெரிய வித்தியாசமில்லை.

எது யாருக்கு? கடுமையான நோய்க்கு முதலில் இயந்திரம்தான். லேசான, நடுத்தர நோய்க்கும் இயந்திரத்தைத் தாங்க முடியாதவருக்கும் கவசம். ஆனால் கவசத்துக்கு உறுதியான பற்கள் வேண்டும். தாடை வலிக்கலாம், நாளடைவில் பல்வரிசை நகரலாம். இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர்தான் என்றாலும், கரண்ட் போகும் இரவில் பேட்டரி இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. சிலிகோசிஸால் நுரையீரல் கெட்ட முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் முதலில் நுரையீரல் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. இவை இரண்டும் தொண்டையைத் திறக்குமே தவிர நுரையீரலைக் குணப்படுத்தாது.

கவசம் மாட்டியவர் மறுபடியும் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சத்தம் அடங்கிவிட்டதாலேயே நோயும் அடங்கிவிட்டதாக அர்த்தமில்லை.